சத்தம் போடாத ஷெல்

கோத்தகிரி,
3 நவம்பர் 2025

மேன்மை தங்கிய மலைமகள் சசிரேகா அக்காவுக்கு,

கீழே இருந்து, மிக மிகக் கீழே இருந்து, உன் ஒரே தம்பி வசந்தகுமார் எழுதிக்கொள்வது.

போனில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் ப்ளாக், இன்ஸ்டாவில் ப்ளாக். எஸ்டேட்டில்கூட இத்தனை ப்ளாக் கிடையாது. சரி, அம்மா போனிலிருந்து கூப்பிடலாம் என்றால், மலையேற்றப் பயிற்சிக்கு வந்த எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டதாக முகாம் ஆபீசில் யாரோ இந்தியில் சொல்கிறார். அம்மா அதற்கு, "சரிங்க, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். ஆனால் தபால்காரரை உன்னால் ப்ளாக் செய்ய முடியாதே! 'வெளியூரில் இருக்கும் சகோதரிக்குக் கடிதம்' என்று பத்தாம் வகுப்பில் வாங்கிய அடிக்கெல்லாம் இன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது.

என்ன கோபம் என்று சொல்லிவிட்டாவது கோபித்துக்கொள். ஊரில் சாமி ஆடி முடித்த பிறகுதான் மலையேறும். நீ மலையேறிய பிறகு சாமியாடுகிறாய்.

உன் பையில் வைத்த வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டா? மேல் அடுக்கு மட்டும்தான் வர்க்கி, கீழே முழுக்க அட்டை என்று பார்த்திருப்பாய். அட்டையும் வர்க்கியும் ருசியில் அண்ணன் தம்பிதான், கோபப்படாதே.

இல்லை, அந்த ரீலா? அதில் நீயே இல்லையே அக்கா. நீ ஊட்டியில் ஈவ்லின் அக்காவின் மலையேற்றச் சாமான் கடையில் திரைக்குப் பின்னால் ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா உன் சாமான் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னாடா ஜாக்கெட்டுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"சாஃப்ட் ஷெல்லுப்பா."

அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஷெல்லா? அங்க ஷெல்லு அடிப்பாங்களா?"

அந்தப் பக்கம், இலங்கையில், பீரங்கிக் குண்டுக்கு ஷெல் என்றுதான் பேச்சாம். படகேறி வந்து இத்தனை வருடம் ஆகியும் அவருடைய அகராதி மட்டும் இன்னும் கரை இறங்கவில்லை. இப்படி ஒரு பந்து தானாக வந்து விழுந்தால் நான் எப்படி அடிக்காமல் விடுவேன், சொல். "பின்ன? எல்லைப் பக்கம்லப்பா. அதான் லிஸ்ட்லயே போட்டிருக்காங்க" என்றேன். போனைச் சட்டைப் பையில் கேமரா மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"சாஃப்ட்டுன்னா?"

"சின்ன ஷெல்லுப்பா. மெதுவா விழும்."

"ஷெல்லுல மெதுவா விழுறது ஏதுடா?"

அப்புறம் அவர் அந்தக் கடையில் இருந்த ஜாக்கெட்டை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே தடியான ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், "ஏம்மா, இது ஷெல்லு தாங்குமா?" என்று ஈவ்லின் அக்காவிடமே கேட்டார். அவர் ஏதோ பார்சல் கட்டிக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லாத் தாங்குங்க. பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். அப்பா அந்த ஜாக்கெட்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ரீல் அங்கே முடிகிறது. தலைப்பு: 'ஷெல் தாங்கும் அப்பா'.

கோயமுத்தூர் வரைக்கும் பார்க்கிறார்கள் அக்கா. காய்ச்சலைத் தவிர நம் வீட்டுக்கு வந்த முதல் வைரல் இதுதான். அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. அவர் அந்தக் கதையை நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்! வேலை விட்டு வந்ததும் செய்தியைப் போட்டுவிட்டு, டீவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துவிடுகிறார். சோறு ஆறிக் கிடக்கிறது. நீ திரும்பி வரும்வரை இந்தப் படம் ஓடும் போலிருக்கிறது.

"உனக்குக் குளிர் விட்டுப்போச்சுடா" என்று அம்மா திட்டுகிறாள். கோத்தகிரியில் நவம்பர் மாதம் யாருக்குக் குளிர் விட்டிருக்கிறது?

சாஃப்ட்டாய்ச் செல். பதில் போடு. ப்ளாக்கை எடு.

இப்படிக்கு,
வசந்தகுமார் (கடல் மட்டத்திலிருந்து உன்னைவிடக் கீழே, மற்ற எல்லாவற்றிலும் மேலே)


பயிற்சி முகாம், மணாலிக்கு மேலே,
11 நவம்பர் 2025

வசந்த்,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அடித்துவிட்டேன்.

ரீலை நான் பார்த்தேன். சண்டிகரிலிருந்து வரும் பஸ்ஸில் பார்த்தேன். கோயமுத்தூரிலிருந்து கீர்த்தனா என்று ஒரு பெண் இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். பக்கத்து சீட். "இதப் பாரேன், செம காமெடி" என்று போனை நீட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது எழுத முடியவில்லை. உன்னை ப்ளாக் செய்தேன், மலைக்குள் போனதும் சிக்னல் போய்விட்டது, இங்கே வந்ததும் போனைக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியாது. தெரியாமல் செய்தாய் என்பதால் மட்டும்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ எனக்கு ஜன்னல் சீட் பிடிக்க ஓடியிருந்தாய். "சத்தம் கேட்டா ஓடாத. அப்படியே குப்புறப் படு. காதைப் பொத்திக்க, வாயைத் தொறந்து வச்சுக்க, அப்பதான் செவிப்பறை கிழியாது" என்றார். பனிச்சரிவைப் பற்றி எதையோ டீவியில் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். சரிப்பா சரிப்பா என்று தலையை ஆட்டினேன். ரீலைப் பார்த்த பிறகுதான் அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. என்னை அவர் எங்கே அனுப்பிவைப்பதாக நினைத்து அனுப்பினார் என்பதும்.

அப்பா குடும்பம் பதுளைத் தோட்டத்தில் இருந்தது, அங்கே கலவரம் வந்து வவுனியாப் பக்கம் போனார்கள், பிறகு படகில் இந்தப் பக்கம் வந்தார்கள் என்பது உனக்கும் தெரியும். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் ராஜகுமாரி. உனக்கும் எனக்கும் அத்தை. ஷெல் அடிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் பங்கருக்குள் ஓடினார்கள். அவள் மட்டும் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு. "விட்டுட்டு வா" என்று உள்ளே இருந்து கத்தியது அப்பா. அவள் வந்து சேரவில்லை. அப்போது அவருக்கு உன்னைவிடச் சின்ன வயது.

நான் என்சிசியில் சேர்ந்தபோது துப்பாக்கிச் சத்தம் இருக்குமா என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்குத்தான் அம்மா எனக்கு இதைச் சொன்னாள். உனக்குச் சொல்லாமல் விட்டது உன் வாய்க்குப் பயந்து.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் ஒரு நிமிடம் பேச விட்டார்கள். அப்பாதான் எடுத்தார். "இங்க ஷெல்லெல்லாம் கிடையாதுப்பா" என்றேன். "சரி, சரி. நீ பயப்படாம இரு" என்றார். அவரைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குள் லைன் போய்விட்டது. நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை. பொய் சொன்ன வாய்தான் போய்ச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே போய்ச் சொல்.

ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்கிறேன், அதிலும் உன் பங்கு இருக்கிறது. நான் எடுக்க நினைத்தது அந்தச் சாம்பல் நிற சாஃப்ட் ஷெல், மெல்லிசு, கையை எப்படி நீட்டினாலும் கூடவே நீளும். ஈவ்லின் அக்காவும் அதைத்தான் எடுக்கச் சொன்னார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், அப்பா தடியானதைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். "அது வேணாம் பாப்பா, இத எடு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. குளிருக்குப் பயப்படுகிறார் போல என்று நினைத்து அதையே வாங்கிக்கொண்டேன்.

நம் ஊர்க் குளிர் வெளியிலிருந்து வரும். மஞ்சும் சாரலும் உள்ளே வராமல் இழுத்து மூடிக்கொண்டால் போதும். இங்கே அப்படி இல்லை. பாறை ஏறும்போது கொட்டுகிற வேர்வை வெளியே போக வழியில்லாமல் இந்த ஜாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மேலே போய், அடுத்தவர் ஏறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வேர்வைதான் குளிராக மாறி முதுகைப் பிடிக்கிறது. என்னுடைய ஈரமே என்னை நடுங்க வைக்கிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் இடுப்புக்கு மேலே ஏறிவிடுகிறது. ஜாக்கெட்டோடு இருக்கிற தொப்பி ஹெல்மெட் மேல் வருவதில்லை. பனிப்பாறை முகாமுக்கு இதைப் போட்டுக்கொண்டு போக விடமாட்டேன் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வேறு இல்லாவிட்டால் நான் கீழேயே நிற்க வேண்டியதுதான்.

கை விறைக்கிறது. போதும்.

சசி


கோத்தகிரி,
18 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? இல்லை, தபாலைக் குற்றம் சொல்லக்கூடாது. என்னால் அடித்துவிட்டு வேறு தாளில் எழுத முடியும், ஆனால் இந்த வரி இருக்கட்டும். எதைச் செய்தாலும் முதலில் வேறு யாரையாவது கைகாட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொடுக்க டீ ஃபேக்டரிக்குப் போனேன். மாடியில், இலையைப் பரப்பிக் காயவைக்கிற இடத்தில், அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு இலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிற பிராங்ளின் அண்ணனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் மூலையில் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பிராங்ளின் அண்ணன் கண்ணடித்தார். உதட்டில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. பெரிய ஆட்கள் என்னையும் அவர்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று.

அவர் ஒரு காலி டின்னைத் தூக்கித் தரையில் போட்டு, "மனோ, ஷெல்லு!" என்று கத்தினார்.

அப்பா படுத்துவிட்டார்.

குனியவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே குப்புற, இலைக்குள் முகம் போக, படுத்துவிட்டார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. அன்றைக்கு உன் கடிதம் வந்திருக்கவில்லை. அவர் ஏன் வாயைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மீன் மாதிரி இருந்தது. முதலில் சிரித்தது நான்தான்.

அப்பா எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டினார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். நீ அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டாய். மேனேஜர் ஏதாவது இங்கிலீஷில் ஜோக் சொன்னால் சிரிப்பாரே, அது.

"என்னா மனோ, இப்படி விழுற? உன் பையன் போட்ட வீடியோவத்தான் பாத்துட்டிருந்தோம்" என்று பிராங்ளின் அண்ணன் போனைக் கொடுத்தார். அப்பா அதை முழுக்கப் பார்த்தார். கடைசிவரை. ஜாக்கெட்டை அணைத்துக்கொண்டு நிற்கிற இடம்வரை.

"அப்ப அங்க ஷெல்லு கிடையாதா?" என்று கேட்டார்.

"சும்மா சொன்னதுப்பா. அது ஏதோ துணி பேரு."

"அப்பாடா" என்றார் அப்பா.

அக்கா, அவர் முதலில் சொன்ன வார்த்தை அதுதான். கோபம் இல்லை. அப்பாடா. அதற்கு அப்புறம்தான் கதவுப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். வந்து தூக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அது வீட்டுக்கு அப்படியே திரும்பி வந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஃபேக்டரிக்குப் போகவில்லை. இடுப்பு வலி, லீவு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். கடைக்கும் போவதில்லை. ஷேவ் செய்யவில்லை. டீவி போடுவதில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நான் உள்ளே வந்தால், வேலை ஞாபகம் வந்த மாதிரி எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார். அவர் சொந்த வீட்டில் அவரை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரீலை அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் போகிறதா? வேறு யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவன் பாட்டுச் சேர்த்திருக்கிறான். "எடுத்துடுங்க, அது எங்க அப்பா" என்று கீழே எழுதினேன். அதற்கும் சிரிக்கிற பொம்மை போடுகிறார்கள்.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு, அப்பா பின்பக்கம் இருக்க, வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது, அப்படிப் படுத்துப் பார்த்தேன். குப்புற, காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. சிமெண்டின் குளிர் தாடை வழியாக உள்ளே ஏறுகிறது. ராஜகுமாரி அத்தைக்கு என்ன வயது? நம் வீட்டில் அவள் போட்டோகூட இல்லையே. இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. மீசை வரைந்திருப்பேன்.

குளிர் விட்டுப்போச்சு என்று அம்மா சொன்னாள் அல்லவா. இப்போது குளிர்கிறது.

நீ சொன்னபடி அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியது இப்போது அவருக்கே தெரிந்துவிட்டது. இனி என்ன சொல்வது என்று எழுது. நான் வாயைத் திறந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வசந்த்


பயிற்சி முகாம்,
25 நவம்பர் 2025

அன்புள்ள வசந்த்,

உன் கடிதத்தை ரேஷன் வண்டி கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படித்தேன்.

உன்னைத் திட்டி எழுதுவதற்கு நிறைய வைத்திருந்தேன். எழுதும் தகுதி எனக்கு இல்லை. பஸ்ஸில் என்ன நடந்தது என்று போன கடிதத்தில் தாண்டிப் போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கீர்த்தனா போனை நீட்டினாள். எனக்கு முதலில் தெரிந்தது அப்பாவின் கை. இலைக் கறை பிடித்த நகம். அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, "ஐயோ, இந்த ஆளு யாருன்னே தெரியல, ஆனா செம க்யூட்ல?" என்றாள். பின் சீட்டிலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருடைய ஜாக்கெட்டும் அசல். பேச்சும் ஷூவும்கூட. என் மடியில் அப்பா அணைத்துக்கொண்டு நின்ற அதே ஜாக்கெட் இருந்தது. அதை மெதுவாகச் சீட்டுக்குக் கீழே தள்ளினேன்.

"ஆமா, செம" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

உன்னை ப்ளாக் செய்தது அதற்குப் பிறகு. உன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது. நீ அப்பாவை விற்றாய் என்றால் நான் அவரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீ அவரைப் பார்த்துச் சிரித்தபோது விஷயம் தெரியாமல் சிரித்தாய். நான் செருப்புவரைக்கும் தெரிந்துகொண்டே சிரித்தேன்.

அப்பா இலைக்குள் படுத்ததை நீ எழுதியதைப் படித்த அன்று சாயங்காலம் கீர்த்தனாவிடம் போனேன். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு பஸ்ல ஒரு வீடியோ காட்டினியே, அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "யாரு?" என்றாள். "எங்க அப்பா." அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். ராஜகுமாரி அத்தையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இரக்கம் வாங்குவதற்காக அதை எடுத்து நீட்டினால் அதுவும் ஒரு ரீல்தான். நீயும் அதை யாரிடமும் சொல்லிவிடாதே. பிராங்ளின் அண்ணனிடம்கூட.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். ஒரே ஒரு வாக்கியம். அதில் சிலேடை இருக்கக் கூடாது, 'ஆனால்' இருக்கக் கூடாது, அவரைச் சிரிக்கவைக்கும் முயற்சி இருக்கக் கூடாது. உனக்கு அது நான் ஏறுகிற பாறையைவிடக் கஷ்டம் என்று தெரியும்.

இன்னொன்று. பதினைந்தாம் தேதிக்கு மேல் பனிப்பாறை முகாம். அந்தச் சாம்பல் ஜாக்கெட் இன்னும் ஈவ்லின் அக்காவிடம் இருந்தால் வாங்கி அனுப்பு. தடியானதை நான் வரும்போது திருப்பிக் கொடுப்பதாகச் சொல், கேட்பார். உனக்கும் எனக்கும் ஒரே அளவுதானே, நீயே போட்டுப் பார்: கையைத் தூக்கினால் கீழ்விளிம்பு மேலே ஏறக் கூடாது. ஜாக்கெட்டின் பை, கயிறு மாட்டுகிற இடுப்பு பெல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும். துணியில் வாயை வைத்து ஊதினால் மூச்சு கொஞ்சமாவது மறுபக்கம் போக வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. தான் எடுத்துக் கொடுத்தது சரியில்லை என்று தெரிந்தால் இன்னும் உடைந்துபோவார்.

உன் அக்கா,
சசி


கோத்தகிரி,
8 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இந்தப் பார்சலில் ஜாக்கெட் இருக்கிறது. கீழே அட்டை இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்காவது அலங்காரம் செய்துவிடுவேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஃபேக்டரிக்குப் போனேன். டீ குடிக்கிற நேரம், எல்லோரும் இருந்தார்கள். "வாடா ஷெல் டைரக்டர்" என்று யாரோ கூப்பிட்டார்கள். "அங்க ஷெல் விழும்னு அப்பாகிட்ட பொய் சொன்னது நான். அவரு மக மேல உள்ள பயத்துல கேட்டாரு. இனிமே ஷெல்லுன்னு சொல்லி அவரக் கூப்பிடாதீங்க" என்றேன். ஒப்பித்துக்கொண்டு போனது. நடுவில் குரல் உடைந்து கீச்சென்று வந்தது, அதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிராங்ளின் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "நானும்தான்டா டின்னப் போட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பின்பக்கம் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே அடுக்கிய விறகை. நான் போனதும் எழுந்தார். வழியில் நின்றுகொண்டேன்.

"அப்பா, நான் உங்ககிட்ட பொய் சொல்லி, நீங்க பயந்தத ஊருக்குக் காட்டிட்டேன்."

ஒரே வாக்கியம். சிலேடை இல்லை. முடிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா ஒரு விறகை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு, "நீ சொன்னியே, அதான் நம்பிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. மழை வந்தது, அதான் நனைந்துவிட்டேன் என்கிற மாதிரிச் சொன்னார். நீ ஏறுகிற பாறை எல்லாம் சின்னதுதான் அக்கா.

ஜாக்கெட் விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். இன்னொரு விஷயத்தை அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உன் முதல் கடிதத்தில் வேர்வை குளிராக மாறுகிறது என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். "நான்தான தடியா எடுக்கச் சொன்னேன்" என்றார். உடைந்துபோகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைக்குத்தான் போவணுமா?" என்று கேட்டார். அந்தக் கடையில்தான் நான் அவரை வீடியோ எடுத்தேன். நேற்றுக் காலையில் பார்த்தால் கண்ணாடியை ஜன்னலில் மாட்டி வைத்து ஷேவ் செய்துகொண்டிருக்கிறார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஊட்டி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

ஈவ்லின் அக்காவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அப்பாவைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "வாங்கண்ணா. அன்னைக்கு நீங்க கேட்டத நான் சரியாக் காதுல வாங்கலைங்க" என்றார். அப்பா, "பரவால்லம்மா" என்றார். சாம்பல் ஜாக்கெட் இருந்தது. விற்காமல் வைத்திருந்தாரா, விற்காமல் கிடந்ததா, தெரியவில்லை.

அப்பா அதை வாங்கி முதலில் அழுத்திப் பார்த்தார். பழக்கம். துணியை இழுத்துப் பார்த்தார், நீண்டது. நான் சொன்னபடி வாயை வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். ஈவ்லின் அக்கா சொல்லாதது, நீயும் எழுதாதது. பக்கத்தில் தொங்கிய மழை ஜாக்கெட் ஒன்றின் கையை எடுத்துக் காதோரம் வைத்துத் தேய்த்தார். அது சரசரவென்று கத்தியது. இதை எடுத்துத் தேய்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தேய்த்தார்.

"சத்தமே இல்லையேம்மா."

"இது அப்படித்தாங்கண்ணா. சாஃப்ட் ஷெல்லு சத்தம் போடாதுங்க."

ஷெல்லு என்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டு ஈவ்லின் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். "சத்தம் போடாத ஷெல்லு" என்று தனக்குத்தானே சொன்னார். காதிலிருந்து அதை உடனே எடுக்கவில்லை.

அப்புறம் என்னிடம் திரும்பி, "போட்டுக்கிட்டு வெளிய வா, வெளிச்சத்துல பாக்கணும்" என்றார். கடை வாசலில், ரோட்டோரம் நிறுத்திவைத்தார்.

"கையத் தூக்கு."

தூக்கினேன். இரண்டு கையும் தலைக்கு மேலே. அவர் என்னைச் சுற்றி வந்தார். விளிம்பு ஏறுகிறதா என்று இடுப்பில் விரலை வைத்துப் பார்த்தார். பையின் இடத்தைப் பார்த்தார். முதுகுத் துணியை நீவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, டூரிஸ்ட் கூட்டம். போலீஸ் பிடித்த திருடன் மாதிரி நடுரோட்டில் நிற்கிறேன். ஒரு கும்பல் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதில் என் வயசுப் பையன் ஒருவன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். எனக்கு முகம் எல்லாம் எரிந்தது. இறக்கிவிடலாமா என்று கை துடித்தது. இறக்கவில்லை. அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்பா என் முதுகுப் பக்கம் குனிந்திருந்தார், அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். நிமிர்ந்தார். நேராக நடந்துபோய் அந்தப் போனுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"எடுக்காதீங்க தம்பி" என்றார். "அவன் என் மகன்."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. யாருக்கோ விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பையன் போனை உள்ளே வைத்துவிட்டான். அப்பா திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து, இடது பக்க விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

இறக்கு என்று அவர் சொல்லும்வரை நான் கையை இறக்கவே இல்லை.

வசந்த்